துண்டு துண்டாக வரும் ஜேபெக் தரவை லிப்ஜேபெக்கிற்கு ஊட்டுவது எப்படி: சாம்பல் படம், தொங்கி நிற்கும் நிரல், கிராஷ்

கேள்வி இதுதான்: சாக்கெட் (நெட்வொர்க் இணைப்பு) வழியே வரும் ஜேபெக் படத்தைக் கோப்பாகச் சேமிக்காமல், வர வர லிப்ஜேபெக் என்ற ஜேபெக் டிகோட் லைப்ரரியிடம் கொடுக்க வேண்டும். 4096 பைட் பஃபர் (தற்காலிக நினைவகம்) வைத்துச் சொந்தமாக ஒரு சோர்ஸ் மேனேஜர், அதாவது லைப்ரரிக்குத் தரவு ஊட்டும் பகுதி, எழுதியாயிற்று. சின்னப் படங்கள் ஒழுங்காக வருகின்றன. பெரிய படங்களில் சிலவற்றின் கீழ்ப்பாதி சாம்பலாகிறது. சிலவற்றில் நிரல் தொங்கி நிற்கிறது. கைபேசியில் எடுத்த புகைப்படம் என்றால் சில சமயம் கிராஷ் ஆகிறது. இதெல்லாம் ஒரே பிழையா?

மூன்று பிழைகள்; வேர் ஒன்று. லிப்ஜேபெக்கில் தரவு ஊட்டுவதற்கு இரண்டு வெவ்வேறு ஒப்பந்தங்கள் உண்டு. தரவு வரும்வரை காத்திருக்கும் முறை ஒன்று, இடைநிறுத்தி மீண்டும் தொடரும் முறை இன்னொன்று. இரண்டுக்கும் ஃபங்ஷன் பெயர்கள் ஒன்றே என்பதால், பாதி இதிலிருந்தும் பாதி அதிலிருந்தும் எடுத்து எழுதிவிடுகிறோம். அதன் வேகமான வடிவமான லிப்ஜேபெக்-டர்போ பயன்படுத்தினாலும் கீழே சொல்வது அப்படியே பொருந்தும்.

முதலில் ஒரு மாற்று யோசனை. படம் சில எம்பி அளவுதான், பாதி வந்ததும் திரையில் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை என்றால், இத்தனை பாடு தேவையே இல்லை. வரும் பைட்டுகளை எல்லாம் நினைவகத்தில் சேர்த்து, முழுதும் வந்த பிறகு ஜேபெக்_மெம்_எஸ்ஆர்சி ஃபங்ஷனிடம் கொடுங்கள். அது தரவை நகலெடுப்பதில்லை, நீங்கள் கொடுத்த முகவரியையே பிடித்துக்கொள்ளும். எனவே டிகோட் முடியும்வரை அந்த நினைவகத்தை விடுவிக்கக் கூடாது. இந்த ஒன்றைக் கவனித்தால் போதும். இது 2010 ஜனவரியில் வந்த 8ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய 6பி பதிப்பில் கிடையாது. பத்தில் எட்டுப் பேருக்கு இந்த வழியே போதும் என்பது என் கருத்து.

அது போதாது என்றால் மேலே படியுங்கள்.

சோர்ஸ் மேனேஜர் என்பது 2 தரவுப் புலங்களும் 5 ஃபங்ஷன் பாயிண்டர்களும் கொண்ட ஸ்ட்ரக்சர். நெக்ஸ்ட்_இன்புட்_பைட் அடுத்துப் படிக்க வேண்டிய இடத்தைக் காட்டும். பைட்ஸ்_இன்_பஃபர் அங்கிருந்து எத்தனை பைட் கையில் இருக்கிறது என்று சொல்லும். ஃபங்ஷன்களில் இனிட்_சோர்ஸ், டெர்ம்_சோர்ஸ் இரண்டும் தொடக்கத்திலும் முடிவிலும் அழைக்கப்படுபவை. பெரும்பாலும் காலியாகவே விடலாம். ஜேபெக்_அபார்ட், ஜேபெக்_டெஸ்ட்ராய் போன்றவை டெர்ம்_சோர்ஸை அழைப்பதில்லை என்பதால், சாக்கெட்டை மூடும் வேலையை அதற்குள் வைக்காதீர்கள். ரீசிங்க்_டு_ரீஸ்டார்ட் இடத்தில் லைப்ரரி தரும் ஜேபெக்_ரீசிங்க்_டு_ரீஸ்டார்ட் ஃபங்ஷனையே வைத்துவிடுங்கள். மிச்சம் இருப்பவை ஃபில்_இன்புட்_பஃபர், ஸ்கிப்_இன்புட்_டேட்டா. இனி சுருக்கமாக ஃபில், ஸ்கிப்.

காத்திருக்கும் முறையில் ஃபில்லின் வேலை எளிது. பழைய பாயிண்டரும் எண்ணிக்கையும் என்னவாக இருந்தாலும் பொருட்படுத்தாமல், பஃபரின் தலையிலிருந்து புதுத் தரவை எழுதி, பாயிண்டரைத் தலைக்குக் கொண்டுவந்து, எண்ணிக்கையை வைத்து, ட்ரூ என்று திரும்ப வேண்டும். பஃபர் நிரம்ப வேண்டும் என்பதில்லை, 1 பைட் வந்தாலும் சரி. ஆனால் 0 பைட்டுடன் ட்ரூ திரும்பக் கூடாது. தரவு தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? லைப்ரரிக்குக் கோப்பு முடிந்தது என்று சொல்ல வழியே இல்லை. பிழை எழுப்பி வெளியேறலாம். இல்லாவிட்டால் 255, 217 என்ற 2 பைட்டுகளை, அதாவது ஜேபெக்கின் முடிவுக் குறியை, பஃபரில் வைத்துப் படம் முடிந்ததாகப் பாவனை செய்யலாம். லைப்ரரியோடு வரும் கோப்பு வாசிப்பான் இரண்டாவதைத்தான் செய்கிறது, கூடவே ஓர் எச்சரிக்கையும் பதிவு செய்கிறது. முதல் வாசிப்பிலேயே ஒன்றும் வராவிட்டால் மட்டும் பிழை எழுப்பும்.

உங்கள் சாம்பல் நிறம் இங்கேதான் பிறக்கிறது. ஸ்கேன் தரவு (பிக்சல்களின் சுருக்கப்பட்ட தரவு) பாதியில் இருக்கும்போது அந்தப் போலி முடிவுக் குறி வந்தால், அந்தத் தரவை விரிக்கும் ஹஃப்மன் டிகோடர் மீதமுள்ள கட்டங்களை (8×8 பிக்சல் சதுரங்களை) எல்லாம் பூஜ்யமாக விட்டுவிடும். கட்டத்தின் கெழுக்கள் (அதில் சேமித்த எண்கள்) எல்லாம் 0 என்றால் வெளிச்சமும் இரண்டு நிறக் கூறுகளும் நடு மதிப்பான 128இல் நிற்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 128, அதாவது அப்பட்டமான சாம்பல். ஆகவே கீழ்ப்பாதி சாம்பல் என்றால் தரவு கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. நீங்கள் சீக்கிரமாகவே முடிந்தது என்று சொல்லிவிட்டீர்கள். ப்ரொக்ரெசிவ் படம் (மங்கலில் தொடங்கிப் படிப்படியாகத் தெளிவாகும் வகை) என்றால் சாம்பலுக்குப் பதிலாகப் படம் மங்கலாக, கட்டம் கட்டமாக நின்றுபோகும். காரணம் அதேதான்.

சீக்கிரம் முடிந்ததாக நினைக்க வைப்பது எது? நான்-பிளாக்கிங் (தரவுக்காகக் காத்திருக்காத) சாக்கெட்டில் ரிசீவ் ஃபங்ஷன் -1 திருப்பி, பிழை எண் ஈ-அகெய்ன் என்று இருந்தால், இப்போதைக்குத் தரவு இல்லை என்றுதான் பொருள். ஈ-இன்ட்ர் என்றால் ஒரு சிக்னல் குறுக்கிட்டது, மறுபடி அழைத்தால் போதும். 0 வந்தால் மட்டுமே எதிர்முனை மூடிவிட்டது. இவற்றை எல்லாம் "பூஜ்யமோ அதற்குக் கீழோ" என்று ஒரே நிபந்தனையில் அடைத்துவிட்டால் நெட்வொர்க் சற்றுத் தயங்கும் ஒவ்வொரு முறையும் படம் சாம்பலாகும். சின்னப் படங்கள் ஒரே வாசிப்பில் வந்துவிடுவதால் அவை தப்பிக்கின்றன.

இந்த 0 விஷயத்தில் இன்னொரு பொறியும் உண்டு. ரிசீவ் ஃபங்ஷனிடம் 0 பைட் கேட்டாலும் அது 0 திருப்பலாம். பஃபரில் இடம் தீர்ந்த நிலையில் அழைத்தால் இணைப்பு மூடியதற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. உங்கள் நிரல் தொங்குவதற்கு இதுவே முதல் சந்தேகம்; கீழே வருகிறேன்.

இடைநிறுத்தும் முறையில் ஃபில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதையும் தொடாமல் ஃபால்ஸ் என்று திரும்புவது. சாக்கெட்டிலிருந்து படிப்பது உங்கள் முதன்மைச் சுழற்சியின் வேலை, ஃபில்லுடையது அல்ல. ஃபால்ஸ் கிடைத்ததும் லைப்ரரி, தான் பாதியில் விட்ட வேலையைக் கைவிட்டு, கடைசியாகப் பத்திரப்படுத்திய இடத்துக்குப் பின்வாங்கும். அந்த இடத்தைத்தான் நெக்ஸ்ட்_இன்புட்_பைட் காட்டுகிறது. பட வரிகளைப் படிக்கும்போது அது நடப்பு எம்சியுவின் (சேர்ந்தே குறியாக்கப்படும் சில கட்டங்களின் தொகுப்பு) தொடக்கம். தலைப்புப் பகுதியில் நடப்பு மார்க்கரின் (நீளம் குறித்த தகவல் பகுதி) தொடக்கம்.

இதை ஓர் உதாரணத்தில் நெருங்கிப் பார்ப்போம். சாதாரண வண்ணப் படத்தில் நான்கு ஹஃப்மன் அட்டவணைகளும் ஒரே மார்க்கரில் வந்தால், நீளப் புலத்தையும் சேர்த்து அது 418 பைட். அதில் 300 பைட் மட்டும் உங்கள் பஃபரில் இருக்கிறது. லைப்ரரி பாயிண்டரையும் எண்ணிக்கையையும் உள்ளூர் மாறிகளில் நகலெடுத்துக்கொண்டு படிக்கும். 300ஐயும் படித்து முடித்ததும் ஃபில்லை அழைக்கும். அந்த நேரத்தில் ஸ்ட்ரக்சரில் பைட்ஸ்_இன்_பஃபர் எவ்வளவு? 0 அல்ல, 300. ஏனென்றால் உள்ளூர் மாறிகள்தான் தீர்ந்திருக்கின்றன. ஸ்ட்ரக்சர் இன்னும் நீளப் புலத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது. டீபகரில் இதைப் பார்த்துவிட்டு, 300 பைட் மிச்சம் இருக்கும்போது ஏன் ஃபில்லை அழைக்கிறது என்று குழம்பாதவர் குறைவு.

இப்போது தவறான வழிகளைப் பாருங்கள். ஃபில்லுக்குள்ளேயே மீதி 118 பைட்டைப் பின்னால் ஒட்டி, பாயிண்டரை அப்படியே விட்டு, ட்ரூ திருப்பினால், லைப்ரரி ஸ்ட்ரக்சரிலிருந்து பாயிண்டரை மறுபடி எடுத்துக்கொண்டு அட்டவணையின் 301ஆம் பைட்டை எதிர்பார்த்து நீளப் புலத்தைப் படிக்கும். விளைவு, 'போகஸ் ஹஃப்மன் டேபிள் டெஃபினிஷன்' போன்ற ஒரு பிழை. மாறாக, பஃபரின் தலையில் புதுத் தரவை மட்டும் எழுதிவிட்டு ஃபால்ஸ் திருப்பினால், அடுத்த முறை அட்டவணையின் நடுவிலுள்ள 2 பைட்டை நீளம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டுமே எப்போதாவதுதான் நிகழும், துண்டு எங்கே வெட்டுப்படுகிறது என்பதைப் பொறுத்து. அதனால்தான் இந்தப் பிழை சோதனையில் சிக்காமல் பயனரிடம் போய் வெடிக்கிறது. ட்ரூ என்றால் பழையதைத் தூக்கி எறி, ஃபால்ஸ் என்றால் பழையதைத் தொடாதே. ஒரே மேனேஜரில் இரண்டையும் கலக்காதீர்கள்.

சரியான சுழற்சி இப்படி அமையும். லைப்ரரி அழைப்பு இடைநின்று திரும்பியதும், நெக்ஸ்ட்_இன்புட்_பைட்டிலிருந்து மிச்சமுள்ள பைட்டுகளை மெம்மூவ் கொண்டு பஃபரின் தலைக்கு நகர்த்துங்கள். மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படியலாம் என்பதால் மெம்காப்பி கூடாது. பாயிண்டரைத் தலைக்கு வையுங்கள். மிச்சத்துக்குப் பின்னால், காலியாக உள்ள அளவுக்கு மட்டும் சாக்கெட்டிலிருந்து படியுங்கள். வந்த அளவைப் பைட்ஸ்_இன்_பஃபருடன் கூட்டி, இடைநின்ற அதே ஃபங்ஷனை மீண்டும் அழையுங்கள்.

எந்த ஃபங்ஷன் இடைநின்றது என்பதை நீங்கள்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஜேபெக்_ரீட்_ஹெடர் இடைநின்றால் ஜேபெக்_சஸ்பெண்டட் என்ற மாறிலியைத் திருப்பும், அதன் மதிப்பு 0. ஜேபெக்_ஸ்டார்ட்_டீகம்ப்ரஸ், ஜேபெக்_ஃபினிஷ்_டீகம்ப்ரஸ் இரண்டும் ஃபால்ஸ் திருப்பும். ஜேபெக்_ரீட்_ஸ்கேன்லைன்ஸ் 0 வரிகள் என்று சொல்லும். நான்கு நிலைகள் கொண்ட ஒரு ஸ்விட்ச் போதும். ஃபினிஷ் கூட இடைநிற்கலாம் என்பதைப் பலர் மறக்கிறார்கள்; கடைசி வரி வந்தபின்னும் முடிவுக் குறியைத் தேடி அது படிக்கும். வரிகள் மிச்சம் இருக்கும்போது நிறுத்த வேண்டுமானால் ஃபினிஷை அழைத்தால் பிழை வரும். அதற்கு ஜேபெக்_அபார்ட்_டீகம்ப்ரஸ்.

மெம்மூவ் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? பஃபரின் வாலில் 40 பைட் மிச்சம், அதற்குப் பின் இடம் 0. ரிசீவ் 0 பைட் கேட்கிறது, 0 திரும்புகிறது, லைப்ரரி மறுபடி இடைநிற்கிறது. இது முடிவில்லாத சுழற்சி. அந்த 0வை இணைப்பு முடிந்ததாக எடுத்துக்கொண்டிருந்தால் மீண்டும் சாம்பல் படம். மெம்மூவ் இருந்தும் இது நடக்க ஒரு வாய்ப்பு உண்டு: சேதமான கோப்பில் ஒரு மார்க்கரின் நீளம் பஃபரைவிடப் பெரிதாக எழுதியிருந்தால், லைப்ரரி ஒரு பைட்டும் நுகராமல் நின்றுகொண்டே இருக்கும். பஃபர் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் லைப்ரரி எதையும் நுகராமல் இடைநின்றது என்ற நிலையைச் சோதித்துப் பிழையாக முடிப்பது உங்கள் பொறுப்பு. பஃபர் எவ்வளவு பெரிது என்பதே லைப்ரரிக்குத் தெரியாது.

பஃபர் அளவுக்கு 2 கேபி குறைந்தபட்சம் என்பது லைப்ரரியின் கையேடு தரும் பரிந்துரை. நான் 64 கேபி வைக்கச் சொல்வேன். மார்க்கர் நீளப் புலம் 16 பிட் என்பதால் எந்த மார்க்கரும் 65,535ஐத் தாண்டாது, ஆக எல்லாமே உள்ளே அடங்கும். வேகமும் ஒரு காரணம். லிப்ஜேபெக்-டர்போவில் வேகமான ஹஃப்மன் பாதை, பஃபரில் போதுமான தரவு கையிருப்பில் இருந்தால்தான் இயங்கும். எம்சியுவின் ஒவ்வொரு கட்டத்துக்கும் 512 பைட் என்பது கணக்கு. நிறத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்த வழக்கமான படத்தில் ஓர் எம்சியுவுக்கு 6 கட்டங்கள், ஆக 3,072 பைட். உங்கள் 4096 பைட் பஃபரில் முதல் 1 கேபி மட்டும் வேகமாகப் போய், மீதி முக்கால்வாசியும் மெதுவான பாதையில் ஊர்கிறது.

கிராஷுக்கு வருவோம். கைபேசிப் படத்தின் தொடக்கத்தில் எக்ஸிஃப் தகவலும் (கேமரா பதியும் விவரங்கள்), பெரும்பாலும் ஒரு சிறுபடமும் இருக்கும். பல்லாயிரம் பைட் அதற்கே போய்விடும். லைப்ரரிக்கு அது வேண்டாம், எனவே ஸ்கிப்பை அழைத்து 20,000 பைட் தாண்டு என்கிறது. பஃபரிலோ 3,000தான் உள்ளது. பைட்ஸ்_இன்_பஃபர் குறியற்ற எண். 3,000 கழித்தல் 20,000 என்று கண்ணை மூடிக் கழித்தால் எதிர்ம எண் வராது, நினைத்தே பார்க்க முடியாத பெரிய எண் வரும். பாயிண்டரும் பஃபருக்கு வெளியே போய்விட்டது. அதன்பின் எங்கே விழும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

காத்திருக்கும் முறையில் ஸ்கிப், கையிலிருப்பது தீரத் தீர ஃபில்லை அழைத்துக்கொண்டே தாண்டலாம். இடைநிறுத்தும் முறையில் அது முடியாது, ஏனெனில் ஸ்கிப்புக்குத் திரும்பும் மதிப்பே கிடையாது. தரவு இல்லை என்று சொல்ல அதற்கு வாயில்லை. எனவே கையிலிருக்கும் 3,000ஐத் தாண்டி, எண்ணிக்கையை 0 ஆக்கி, மீதி 17,000ஐ உங்கள் ஸ்ட்ரக்சரில் கடனாகக் குறித்து வையுங்கள். அடுத்து சாக்கெட்டிலிருந்து வருவதில் முதலில் அந்தக் கடனைக் கழித்துவிட்டுத்தான் லைப்ரரிக்குக் கொடுக்க வேண்டும். ஸ்கிப்பிடம் தாண்டச் சொல்லும் எண்ணிக்கை 0 அல்லது எதிர்மமாக வந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்புங்கள்.

இணைப்பு உண்மையிலேயே மூடிவிட்டது, படமோ முடியவில்லை என்றால், கடனை 0 ஆக்கி, மிச்சத்துக்குப் பின்னால் 255, 217 இரண்டையும் நீங்களே ஒட்டி ஒருமுறை அழையுங்கள். வந்தவரை படம் கிடைக்கும். முடிந்தபின் பிழை ஸ்ட்ரக்சரில் நம்_வார்னிங்ஸ் எண்ணிக்கையைப் பாருங்கள். 0 இல்லை என்றால் படம் முழுமையானது என்று நம்பாதீர்கள்.

பிழை கையாளல் பற்றி ஒரு வார்த்தை. லைப்ரரியின் இயல்பான எரர்_எக்ஸிட், எக்ஸிட்டை அழைத்து உங்கள் நிரலையே முடித்துவிடும். சர்வரில் இது வினை. அதை மாற்றி, சியில் ஆழத்திலிருந்து நேராக வெளியே தாவ உதவும் செட்ஜம்ப், லாங்ஜம்ப் வழியாக வெளியே வாருங்கள். சி++ எக்ஸப்ஷனை ஃபில்லுக்குள்ளிருந்து வீசினால், சியில் கம்பைல் ஆன லைப்ரரி ஃபங்ஷன்களைத் தாண்டி அது ஒழுங்காகப் போகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஹெடர் படித்ததும் அகல உயரத்தையும் சோதியுங்கள். லைப்ரரி 65,500 வரை அனுமதிக்கும். இரு பக்கமும் அவ்வளவு என்றால் வண்ணப் படத்துக்கு 1,287 கோடி பைட். சில நூறு பைட் கோப்பே அப்படிக் கேட்க முடியும்.

ஒரே இணைப்பில் படங்கள் அடுத்தடுத்து வந்தால், முதல் படம் முடிந்ததும் பஃபரைக் காலி செய்யாதீர்கள். இரண்டாம் படத்தின் தலை அதில்தான் இருக்கும். இதனாலேயே சோர்ஸ் மேனேஜரையும் பஃபரையும் லைப்ரரியின் நிரந்தர நினைவகக் குளத்தில் ஒதுக்குவது வழக்கம். படக் குளத்தில் ஒதுக்கினால் படம் முடிந்ததும் அவையும் போய்விடும்.

இந்தப் பழக்கத்தை மற்ற லைப்ரரிகளுக்குக் கொண்டுபோகும்போது கவனம். பிஎன்ஜி படங்களுக்கான லிப்பிஎன்ஜியில் நீங்கள் தரும் வாசிப்பு ஃபங்ஷன், கேட்ட அளவை முழுதாகத் தந்தாக வேண்டும், இல்லையேல் பிஎன்ஜி_எரர். இடைப்பட்ட நிலை கிடையாது. சாக்கெட் பாதி தந்தால் உள்ளேயே சுழன்று மீதியை வாங்க வேண்டும். அது 8 பைட், 4 பைட் என்று சில்லறையாகக் கேட்கும், அதனால் இடையில் ஒரு பஃபர் வையுங்கள். வகையைக் கண்டுபிடிக்க முதல் 8 பைட்டை நீங்களே படித்துவிட்டால் பிஎன்ஜி_செட்_சிக்_பைட்ஸ் மூலம் சொல்லிவிட வேண்டும். துண்டு துண்டாகத் தள்ள வேண்டுமானால் அதற்கென்றே பிஎன்ஜி_ப்ராசஸ்_டேட்டா இருக்கிறது. பின்வாங்கும் கணக்கை அதுவே பார்த்துக்கொள்ளும், லிப்ஜேபெக்கைவிட எவ்வளவோ நிம்மதி. டிஃப் படங்களுக்கான லிப்டிஃப் வேறு ரகம். படத்தின் அட்டவணை கோப்பின் கடைசியில் கூட இருக்கலாம் என்பதால், முன்னும் பின்னும் நகரும் வசதி இல்லாமல் அது இயங்காது. டிஃப் என்றால் முழுதும் சேர்த்த பிறகே திறங்கள்.

சரிபார்க்க இரண்டு சோதனைகள். முதலாவது, ஒவ்வொரு முறையும் 1 பைட் மட்டும் ஊட்டுங்கள்; பிறகு 2, 3, 7 என்று மாற்றுங்கள். வெளிவரும் பிக்சல்கள், அதே படத்தைக் கோப்பிலிருந்து படித்ததோடு பைட்டுக்குப் பைட் ஒத்துப்போக வேண்டும். மேலே சொன்ன கலப்புப் பிழைகள் 1 பைட் ஊட்டலில் உடனே வெளிப்பட்டுவிடும். இரண்டாவது, 10 கேபி அளவில் ஒரு படத்தை எடுத்து, 0 முதல் முழு நீளத்துக்கு ஒரு பைட் முன்புவரை ஒவ்வொரு பைட்டிலும் வெட்டி, நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசருடன் ஓட்டுங்கள். பொதுவாக ஒவ்வொரு வெட்டும் பிழையிலோ எச்சரிக்கையிலோ முடிய வேண்டும். ஒன்றுகூடத் தொங்கக் கூடாது. ஆனால் கடைசி 1 அல்லது 2 பைட் மட்டும் போன கோப்பில் பிக்சல்கள் முழுதாக வந்துவிடும். போலி முடிவுக் குறியை நீங்களே ஒட்டியதால் லைப்ரரிக்குக் குறை தெரியாது, எச்சரிக்கையும் வராது. அதை அறிய, ஒட்டியபோதே உங்கள் ஸ்ட்ரக்சரில் ஒரு கொடி போட்டு வையுங்கள்.